பி.பி.ஈ. என்றால் என்ன? வயல் வாய்க்கால் ஓரத்தில் இருந்து ஒரு விளக்கம்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை, களுவாஞ்சிகுடியில் இருந்து என்னிடம் பொருளியல் வகுப்புக்கு வந்த பிள்ளை ஒன்று தகப்பனோடு வீட்டுக்கு வந்தது. "சேர், இந்தப் பி.பி.ஈ. எண்டா என்ன? இங்கிலாந்துப் பிரதமர்மார் எல்லாம் இதைத்தான் படிச்சவங்களாம்" என்று கேட்டது. தகப்பன் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வயல் செய்பவர். அவருக்கு வேறு கேள்வி. "மூண்டு பாடத்த ஒண்டாப் படிச்சா ஒண்டும் ஒழுங்கா வராதே சேர்?"

இரண்டும் நல்ல கேள்விகள். தகப்பனுடையது கொஞ்சம் கூடுதலாக நல்லது. தேத்தண்ணி குடித்தபடி அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

பி.பி.ஈ. என்பது மூன்று பாடங்களின் ஆங்கிலப் பெயர்களில் இருந்து எடுத்த முதல் எழுத்துகள். நம் பாடசாலைச் சொற்களில் மெய்யியல், அரசறிவியல், பொருளியல். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் தத்துவம், அரசியல் அறிவியல், பொருளாதாரம் என்று இருக்கும். எல்லாம் ஒன்றுதான், குழம்ப வேண்டாம். இந்த மூன்றையும் சேர்த்து ஒரே இளமாணிப் பட்டமாகப் படிப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

இதைத் தொடங்கியது ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம், 1920இல். அதற்கு முன்பு அரச சேவைக்குப் போக நினைத்த இளைஞர்கள் அங்கே பெரும்பாலும் பழைய கிரேக்க, இலத்தீன் நூல்களையும் அவற்றோடு வரலாறும் மெய்யியலும் படித்தார்கள். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, இன்றைய உலகத்தை நடத்தப் போகிறவருக்கு இன்றைய உலகத்தைப் பற்றிய படிப்பும் வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தப் பட்டம். அங்கே மூன்று வருடம். முதல் வருடம் மூன்று பாடங்களையும் எல்லோரும் படிக்க வேண்டும். அப்புறம் விருப்பம் என்றால் ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டில் ஆழமாகப் போகலாம். இன்று இங்கிலாந்தின் வேறு பல பல்கலைக்கழகங்களிலும் இந்தப் பட்டம் இருக்கிறது. இந்தியாவில் ஹரியானாவில் உள்ள அசோகா பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது.

பிள்ளை சொன்ன பிரதமர்மார் கதையையும் முடித்துவிடுவோம். எல்லாரும் இல்லை, ஐந்து பேர்: ஹரோல்ட் வில்சன், எட்வர்ட் ஹீத், டேவிட் கமரூன், லிஸ் ட்ரஸ், ரிஷி சுனக். நம் பக்கத்து நாடுகளில் பெனாசிர் பூட்டோ, இம்ரான் கான், ஆங் சான் சூ கீ, பிறகு மலாலா யூசப்சாய். பட்டியல் பெரிதுதான். ஆனால் பட்டியலை வைத்துப் படிப்பை மதிப்பிட முடியாது. அதே லிஸ் ட்ரஸ் 2022இல் ஒரு வரவு செலவுத் திட்டத்தைக் கொண்டுவந்து சந்தையையே ஆட்டம் காண வைத்து, 49 நாளில் பதவியை விட்டுப் போனார். பொருளியல் படித்தவர்தான்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். மூன்று பாடங்களை ஏன் ஒன்றாகப் படிக்க வேண்டும்? இதை எந்தப் பல்கலைக்கழகக் கையேட்டை விடவும் நம் வாய்க்கால் நன்றாகச் சொல்லித் தரும்.

தண்ணீர் குறைந்த சிறுபோகம்

நவகிரிக் குளத்தின் கீழ் ஒரு சிறுபோகம் என்று வைத்துக்கொள்வோம். மாரி ஏமாற்றிவிட்டது. குளத்தில் பாதித் தண்ணீர்தான். வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் வயல்களுக்குத் தண்ணீர் தானாகப் பாய்கிறது. கடைசியில் இருக்கும் வயல்காரர் இரவு பன்னிரண்டு மணிக்கு டோர்ச் லைட்டோடு வரம்பில் நிற்கிறார். இந்தக் காட்சியைப் படுவான்கரையில் வயல் செய்த ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை.

பொருளியல் படித்தவர் முதலில் கேட்பது: இந்தத் தண்ணீர் எங்கே போனால் மொத்த விளைச்சல் கூடும்? தலைப்பு வயலில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது. இன்னும் ஒரு நாள் விட்டால் ஏக்கருக்கு ஒரு மூடை கூடலாம். கடைசி வயலில் கதிர் வரும் பருவம். அந்த ஒரு நாள் தண்ணீர் கிடைக்காவிட்டால் ஏக்கருக்குப் பதினைந்து மூடை போய்விடும் என்று வையுங்கள். எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. அப்படியென்றால் தலைப்புக்காரர் கூடுதலாக எடுக்கும் அந்த ஒரு நாள் தண்ணீரின் உண்மையான விலை பதினைந்து மூடை. உயர்தரத்தில் 'அமையச் செலவு' என்று பாடமாக்குகிறோமே, அது இதுதான். தண்ணீரைக் கீழே விடு என்று பொருளியல் சொல்கிறது.

நமக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. ஏழையான கடைசி வயல்காரருக்குத் தண்ணீர் கிடைக்கிறதல்லவா?

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். அந்தக் கடைசி வயல் வாவி ஓரத்து உவர் நிலம். தண்ணீர் விட்டாலும் ஏக்கருக்கு மூன்று மூடைதான் கூடும். நடுவில் இருக்கும் நல்ல நிலத்துக்கு விட்டால் பத்து மூடை. அதே கணக்கு இப்போது என்ன சொல்லும்? கடைசி வயலைக் காயவிடு என்று சொல்லும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் உங்களுக்கு மனதில் ஏதோ இடறுகிறது. அந்த இடறல் ஏன் என்று தேடப் போனால் அங்கே மெய்யியல் தொடங்கிவிடும்.

தண்ணீரை எந்த அடிப்படையில் பங்கிடுவது நீதி? காணியின் அளவுப்படியா? தேவைப்படியா? முதலில் வந்து காடு வெட்டியவருக்கு முதல் உரிமையா? வாய்க்கால் துப்புரவுக்கு மண்வெட்டியோடு வந்தவருக்கும் வராதவருக்கும் ஒரே பங்கா? ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு பெரிய சிந்தனை மரபு இருக்கிறது. மொத்த நன்மை கூடினால் போதும் என்பவர்களைப் பயன்பாட்டுவாதிகள் என்பார்கள். ஜோன் ரோல்ஸ் என்ற அமெரிக்க மெய்யியலாளர் 1971இல் வேறு வழி சொன்னார். யாருக்கு எந்த வயல் என்று தெரியாத நிலையில் எல்லோரும் உட்கார்ந்து விதியை எழுதுங்கள் என்றார். உங்களுக்குத் தலைப்பு வயலும் வரலாம், உவர் நிலமும் வரலாம். அப்போது எந்த விதிக்குச் சம்மதிப்பீர்கள்? கடைசிக்காரரை முற்றாகக் கைவிடும் விதிக்குச் சம்மதிக்க மாட்டீர்கள் என்பது அவர் வாதம். மூன்று வருடம் கழித்து ரொபர்ட் நொசிக் என்பவர் எதிர்வாதம் எழுதினார்: பங்கீடு எப்படி இருக்கிறது என்று பார்க்காதே, ஒவ்வொருவருக்கும் அந்தச் சொத்து நேர்மையான வழியில் வந்ததா என்று மட்டும் பார். நம் ஊரில் போடியார் (பெரிய காணிக்காரர்) வீட்டுத் திண்ணையில் ஒருவர் சொல்லும் நியாயத்துக்கும் அவருடைய வயலைச் செய்யும் முல்லைக்காரர் சொல்லும் நியாயத்துக்கும் இடையில் இந்தச் சண்டையின் சாயல் இருக்கிறது. நான் ரோல்ஸ் பக்கம் சாய்கிறவன். ஆனால் நொசிக்கைப் படித்த பிறகுதான் என் நியாயத்தில் எத்தனை ஓட்டை என்று தெரிந்தது.

சரி, நீதி என்னவென்று முடிவாகிவிட்டது என்றே வைப்போம். வாய்க்கால் கதவின் திறப்பு யாரிடம் இருக்கிறது?

இது அரசறிவியலின் கேள்வி. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் யார் யார் பேசலாம்? தண்ணீர் விடுவதைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானையை யார் தெரிவு செய்கிறார்கள்? குத்தகைக்கு வயல் செய்பவருக்கு வாக்கு உண்டா, காணிக்காரருக்கு மட்டுமா? 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரரின் உரிமையைத் தொட்டபோது நாடு முழுக்க ஏன் அத்தனை சலசலப்பு? இரவில் கதவை உடைத்தவரை யார் தண்டிப்பது? அவர் ஓர் அரசியல்வாதியின் ஆள் என்றால்? எவ்வளவு நல்ல விதி என்றாலும் அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அது கூட்டக் குறிப்போடு நின்றுவிடும்.

மூன்று கேள்விகளும் ஒரே தண்ணீரைப் பற்றியவைதான். ஆனால் ஒன்றுக்குச் சொன்ன பதில் மற்றதற்குப் பதிலாகாது. மொத்த விளைச்சல் கூடுகிறது என்று நிரூபித்தால் அது நீதி என்று ஆகிவிடாது. நீதி என்று நிரூபித்தால் அது நடக்கும் என்றும் ஆகிவிடாது. பி.பி.ஈ. பட்டம் பழக்கித் தர முயல்வது இந்தப் பிரித்தறிதலைத்தான்.

மூன்றையும் சேர்த்து யோசித்த பழைய ஆட்களும் நம் நாட்டில் இருந்தார்கள். வறண்ட பிரதேசத்துச் சிங்களக் கிராமங்களில் 'பெத்ம' என்றொரு வழக்கம் உண்டு. குளத்தில் தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்துக்குக் கிட்ட உள்ள வயல்களை மட்டும் விதைப்பார்கள். ஆனால் அந்த வயல்களைத் தற்காலிகமாக எல்லாக் காணிக்காரருக்கும் பங்கிட்டுவிடுவார்கள், கடைசி வயல்காரருக்கும் சேர்த்து. தண்ணீர் நீண்ட வாய்க்காலில் வீணாகாது, இது பொருளியல். எவரும் முற்றாகக் கைவிடப்படமாட்டார், இது நீதி. எல்லோருக்கும் பங்கு இருப்பதால் விதியை எல்லோருமே காவல் காப்பார்கள், இது அரசியல். இந்த வழக்கத்தை உருவாக்கியவர்கள் எந்தப் பட்டமும் வாங்கவில்லை.

கல்லோயாவை எப்படிப் படிப்பது?

வாய்க்கால் உதாரணம் கற்பனை என்று நினைத்தால், அம்பாறையில் இருந்து ஓர் உண்மைக் கதை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் பெரிய பல்நோக்குத் திட்டம். இங்கினியாகலையில் அணை கட்டி சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கினார்கள். பாசன நிலம் பெருகியது, நெல் பெருகியது. பொருளியல் பரீட்சையில் இவ்வளவு எழுதினால் புள்ளி கிடைக்கும்.

அரசறிவியல் அங்கே நிற்க விடாது. குடியேற்றப்பட்டவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், தீர்மானித்தது யார் என்று கேட்கும். 1956 ஜூனில் கல்லோயாவில் தமிழர்களுக்கு எதிராக வன்முறை வெடித்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. சனத்தொகை மாறியபோது வாக்குகளின் கணக்கும் மாறியது. மெய்யியல் இன்னும் சங்கடமான இடத்துக்குக் கொண்டுபோகும். தலைமுறைகளாக ஒரு நிலப்பரப்பில் வாழ்ந்தவர்களுக்கு அந்த நிலத்தின் மேல் என்ன உரிமை? வேறு மாவட்டத்தில் ஒரு துண்டு காணியும் இல்லாத ஏழைக்கு அரச காணியின் மேல் என்ன உரிமை? இரண்டும் மோதினால் எதை எடைபோடுவது, எதை வைத்து எடைபோடுவது? இதில் நமக்கு ஒரு பக்கம் இருக்கும். இருக்கட்டும். ஆனால் மற்றப் பக்கத்தின் மிகப் பலமான வாதத்தை எழுதிவிட்டுத்தான் நம் பக்கத்தை எழுத வேண்டும். நல்ல மெய்யியல் ஆசிரியர் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கதை அங்கே முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் கல்லோயாவின் இடதுகரையில் கடைப்பகுதி வயல்களுக்குத் தண்ணீர் போவதே அரிதாகிவிட்டது. வாய்க்கால்கள் தூர்ந்து, கதவுகள் உடைந்து கிடந்தன. அப்போது கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் அமைப்பாளர்களை ஊருக்குள் அனுப்பின. கோர்னெலில் இருந்து வந்த நோர்மன் அப்ஹொஃப் ஓர் அரசறிவியலாளர். ஒவ்வொரு சிறு வாய்க்காலுக்கும் ஒரு சிறு குழு. முதலில் துப்புரவு, பிறகு முறை வைத்துத் தண்ணீர் விடுவது, பிறகு மிஞ்சியதைக் கீழே அனுப்புவது. தலைப்பில் இருந்த சிங்களக் கமக்காரர் கடைப்பகுதித் தமிழ்க் கமக்காரருக்குத் தண்ணீர் விட்டுக்கொடுத்ததும் பதிவாகியிருக்கிறது. நாடு 1983ஐ நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பொருளியலின் பழைய பாடப்படி இது நடந்திருக்கக் கூடாது. பொதுவான வளத்தை ஆளாளுக்கு அள்ளிக்கொள்வார்கள், கடைசியில் வளமே அழியும் என்று கரெட் ஹார்டின் 1968இல் எழுதியது அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட வேதவாக்கு. தனியாருக்குக் கொடு, இல்லையென்றால் அரசாங்கம் எடுக்கட்டும் என்பார்கள். எலினோர் ஒஸ்ட்ரம் அதை ஏற்கவில்லை. உலகெங்கும் குளம், காடு, கடல் என்று தேடி, மக்கள் தாங்களே விதி போட்டுக் காப்பாற்றிய இடங்களையும் தோற்ற இடங்களையும் ஒப்பிட்டார். தோற்ற கதைகளில் தென்னிலங்கையின் மாவெல்லக் கரைவலையும் ஒன்று. வலைக்காரர்கள் முறை வைத்து வலை போட்டார்கள். முறையில் பிழை இல்லை. ஆனால் புதிய வலைகள் சேர்வதைத் தடுக்க முடியவில்லை. வலை கூடக்கூட ஒவ்வொருவருக்கும் முறை வரும் நாட்கள் தூரமாகின. கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை ஐந்து நிமிடத்தில் விளங்க வைக்கலாம். இந்த ஆய்வுக்காக 2009இல் ஒஸ்ட்ரமுக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். அவரும் ஓர் அரசறிவியலாளர்.

வாக்கெடுப்பில் ஒரு விளையாட்டு

தகப்பன் இதுவரை தலையாட்டிக்கொண்டு இருந்தார். அடுத்ததைச் சொன்னபோதுதான் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

ஒரு கமக்காரர் அமைப்புக்குக் கொஞ்சம் காசு வருகிறது. வாய்க்கால் திருத்தலாம், வயல் வீதி போடலாம், அல்லது உரம் வைக்கக் களஞ்சியம் கட்டலாம். ஒன்றுதான் முடியும். அங்கத்தவர்கள் மூன்று சம பங்காகப் பிரிந்து நிற்கிறார்கள். முதல் பங்குக்கு வாய்க்கால் முதல் விருப்பம், அடுத்தது வீதி, கடைசி களஞ்சியம். இரண்டாம் பங்குக்கு வீதி, களஞ்சியம், வாய்க்கால். மூன்றாம் பங்குக்குக் களஞ்சியம், வாய்க்கால், வீதி.

இரண்டிரண்டாக வாக்கெடுத்துப் பாருங்கள். வாய்க்காலா வீதியா என்றால் முதலாம், மூன்றாம் பங்குகள் வாய்க்காலுக்குக் கை உயர்த்தும். வாய்க்கால் வெற்றி. வீதியா களஞ்சியமா என்றால் முதலாம், இரண்டாம் பங்குகள் சேர்ந்து வீதியை வெல்ல வைக்கும். சரி, வாய்க்கால் வீதியை வென்றது, வீதி களஞ்சியத்தை வென்றது. அப்படியென்றால் வாய்க்கால் களஞ்சியத்தை வெல்ல வேண்டும்தானே? எடுத்துப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் பங்குகள் களஞ்சியத்துக்கு. களஞ்சியம் வெற்றி! வட்டமாகச் சுற்றுகிறது. 'ஊரின் விருப்பம்' என்று ஒன்று இங்கே இல்லவே இல்லை.

இன்னும் ஒரு கள்ளம் இருக்கிறது. தலைவர் எதையும் ஏமாற்றத் தேவையில்லை. எந்த இரண்டை முதலில் வாக்குக்கு விடுவது என்பதைத் தீர்மானித்தால் போதும். முதலில் வாய்க்காலையும் களஞ்சியத்தையும் மோதவிட்டு, வென்றதை வீதியோடு மோதவிட்டால் வீதி வெல்லும். இந்த வரிசைகளில் கடைசியாகக் கொண்டுவருவதுதான் வெல்லும். முழுக்க ஜனநாயகம், கைகள் எண்ணப்பட்டன, எல்லாம் குறிப்பில் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் கொந்தோர்சே என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட சிக்கல் இது. 1951இல் கென்னத் அரோ இதைப் பெரிய தேற்றமாக்கினார். மூன்றோ அதற்கு மேலோ தெரிவுகள் இருந்தால், நாம் நியாயம் என்று நினைக்கும் சில சாதாரண நிபந்தனைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றும் வகையில் விருப்ப வரிசைகளைச் சேர்க்கும் முறை ஒன்றுமே இல்லை என்று நிறுவினார். இது பொருளியலா, அரசறிவியலா, மெய்யியலா? எனக்குச் சொல்லத் தெரியாது, சொல்லத் தேவையும் இல்லை. நம் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு போடுகிறோமே, அதன் பின்னாலும் இதே கேள்விதான். 2024 செப்டெம்பரில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், இந்த நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டது. அன்றைக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த பலருக்கு அந்த விதி இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

இந்த மூன்றும் தொடக்கத்தில் தனித்தனிப் பாடங்களாக இருக்கவில்லை. பொருளியலின் தந்தை என்று நாம் பாடமாக்கும் அடம் ஸ்மித் கிளாஸ்கோவில் ஒழுக்க மெய்யியல் பேராசிரியர். ஜோன் ஸ்டூவர்ட் மில் அளவையியலும் (தர்க்கம்) எழுதினார், பொருளியலும் எழுதினார், சுதந்திரம் பற்றியும் எழுதினார். கார்ல் மார்க்சின் கலாநிதிப் பட்டம் மெய்யியலில். பொருளியலைத் தனிப் பட்டமாக கேம்பிரிட்ஜில் அல்பிரட் மார்ஷல் பிரித்தெடுத்தது 1903இல்தான். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படிப்பித்தவர். அந்த அறிவை இசையோடும் பழந்தமிழோடும் சேர்த்து யாழ்நூலை எழுதினார். பாடங்களுக்கு நடுவில் மதில் கட்டாத ஆட்கள் நம் பக்கத்திலும் இருந்தார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

தகப்பனின் கேள்வி

மூன்றையும் ஒன்றாகப் படித்தால் ஒன்றும் ஒழுங்காக வராது என்ற பயத்தில் உண்மை இருக்கிறது. தனிப் பொருளியல் பட்டதாரி படிக்கும் அளவு கணிதமும் புள்ளிவிபரவியலும் பி.பி.ஈ. மாணவருக்குக் கிடைக்காது. மத்திய வங்கியில் ஆய்வாளராக வேண்டும் என்றால் தனிப் பொருளியல்தான் நல்ல வழி. இந்தப் பட்டத்தின் பெரிய ஆபத்து வேறொன்று: எதைப் பற்றியும் இருபது நிமிடம் சரளமாகப் பேசும் திறமை வந்துவிடும், இருபத்தோராவது நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். இங்கிலாந்திலும் இந்தக் குற்றச்சாட்டைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

அதே நேரம், ஒரு பாடத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் செய்த பிழைகளும் நமக்குத் தெரியும். 1953இல் மானிய அரிசியின் விலையை 25 சதத்தில் இருந்து 70 சதமாக்கினார்கள். திறைசேரிக் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். ஓகஸ்ட் 12 ஹர்த்தால் வந்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை வர்த்தமானியால் தடைசெய்தார்கள். நஞ்சில்லாத உணவு என்ற நோக்கத்தை யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் மாற்று உரம் எங்கே, எவ்வளவு, எப்போது என்ற கணக்கும் இல்லை, வயலில் நிற்பவரிடம் கேட்கவும் இல்லை. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் விதைத்தாகிவிட்டது. அந்தப் போகத்து நெல் எவ்வளவு வீழ்ந்தது என்று படுவான்கரையில் யாரிடமும் கேட்கலாம்.

இந்த இடத்தில் அளவையியலுக்கும் வேலை இருக்கிறது. உரம் நிறுத்தினால் விளைச்சல் குறையும், விளைச்சல் குறைந்தது, ஆகவே உரம் நிறுத்தியதுதான் காரணம். கேட்கச் சரிபோல இருக்கிறது. ஆனால் வாதத்தின் அமைப்பு பிழை. அறக்கொட்டிப் பூச்சி அடித்தாலும் விளைச்சல் குறையும், வெள்ளம் வந்தாலும் குறையும். முடிவு உண்மையாக இருக்கலாம். அதை நிறுவ மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். முடிவு சரி, வாதம் பிழை என்பதைப் பிள்ளைக்குப் புரியவைக்க எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. தகப்பன் உடனே பிடித்துக்கொண்டார்.

மட்டக்களப்பில் இருந்து எப்படிப் போவது?

இதற்குச் சுருக்கமான பதில்தான். உயர்தரக் கலைப் பிரிவில் அரசறிவியல், பொருளியல், அளவையியலும் விஞ்ஞான முறையும் என்று மூன்று பாடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தச் சேர்க்கையை எடுத்த பிள்ளை பெயர் தெரியாமலேயே பி.பி.ஈ.யின் வாசற்படியில் நிற்கிறது. நம் அரச பல்கலைக்கழகங்களின் கலைப் பீடங்களில் பொதுவாக முதல் வருடம் சில பாடங்களைச் சேர்த்துப் படித்துவிட்டு, பிறகு ஒன்றில் சிறப்புக்கலைமாணி செய்யலாம், நான்கு வருடம். அல்லது பாடங்களைச் சேர்த்தே பொதுக்கலைமாணி முடிக்கலாம், மூன்று வருடம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. எந்தப் பாடத்தோடு எந்தப் பாடத்தை எடுக்கலாம் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலிலும் அந்தந்தப் பீடத்தின் கையேட்டிலும் அந்த வருடத்துக்கு உரியதைப் பார்க்க வேண்டும். அண்ணன் படித்த காலத்துக் கதையை நம்பி விண்ணப்பம் நிரப்ப வேண்டாம்.

பட்டத்தின் பெயரில் மூன்று எழுத்து இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம். அரசறிவியல் சிறப்புப் படிக்கும் பிள்ளை, நூலகத்தில் மெய்யியல் அலுமாரிப் பக்கமும் போனால் பாதி வேலை முடிந்தது. கணிதத்தை மட்டும் கைவிடக் கூடாது. சாதாரணதரக் கணிதத்தோடு அதைத் தலைமுழுகிய பிள்ளைகள்தான் பொருளியலில் இடறுகிறார்கள். ஆங்கில வாசிப்பும் வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன வாதங்களில் பெரும்பகுதி தமிழில் விரிவாக இன்னும் வரவில்லை. நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் தோற்றலாம்; அங்கேயும் இந்த மாதிரி யோசனை உதவும்.

வெளிநாட்டுக்குப் போய்ப் படிப்பது பற்றியும் பிள்ளை கேட்டது. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தில் இதைத் தொலைக்கல்வியாகவும் படிக்கலாம். கட்டணத்தைப் பவுணில் இருந்து ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கச் சொன்னேன். பிள்ளை தொலைபேசியில் மாற்றிப் பார்த்துவிட்டு அதை மேசையில் கவிழ்த்து வைத்தது.

போகும்போது பிள்ளை பழைய அளவையியல் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டது. தகப்பன் மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டு, பிறகு நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"சேர், போன கூட்டத்தில தலைவர் வீதியக் கடைசியாத்தான் வாக்குக்கு விட்டவர்."

"வென்றதா?"

"ஓம். அவர்ர வயல் வீதி ஓரந்தான்."